நீரும் பிழைப்பும்: நடப்பியல் நாடகத்தை மேடைக்கும் திரைக்கும் தழுவுதல்

1. பொருளும் எல்லையும்

தொல்காப்பியர் நாடக வழக்கு எனவும் உலகியல் வழக்கு எனவும் இரண்டனைப் பிரித்துணர்ந்து, அவை இரண்டும் இயைந்த இடத்தே புலவர் போற்றும் நெறி அமைவதாகக் கூறினார். சுவைபட மிகுத்தும் தொகுத்தும் புனைந்துரைப்பது நாடக வழக்கு. உலகில் நிகழ்வதை நிகழ்ந்தவாறே கூறுவது உலகியல் வழக்கு. உரையாசிரியர்கள் இதனை அகப்பொருட் பாடல்களை நோக்கியே விளக்கினர். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வளர்ந்த நடப்பியல் நாடகத்தை ஆராயப் புகும் தமிழ் மாணவர்க்கு இவ்விரு சொற்களும் நல்ல கருவிகளாகும். நடப்பியல் நாடகமாவது, உலகியல் வழக்கையே நாடக வழக்காக ஆக்க முயன்ற முயற்சி எனலாம். அரசரும் தேவரும் நடமாடிய மேடையில் மருத்துவரும் அச்சகத்தாரும் வீட்டுத் தலைவியரும் தோன்றினர். செய்யுள் நீங்கி அன்றாடப் பேச்சு இடம்பெற்றது. வாளும் சாபமும் ஆற்றிய பணியைக் கடனும் கடிதமும் வரிக்கணக்கும் ஆற்றத் தொடங்கின.

இத்தகைய நாடகம் பிறிதொரு மொழிக்கோ, பிறிதொரு காலத்து மேடைக்கோ, திரைப்படத்திற்கோ செல்லும்பொழுது ஒரு சிக்கல் எழுகின்றது. புராண நாடகம் எங்கும் செல்லும். அதன் இடமும் காலமும் புனைவே ஆதலின் இழப்பு மிகுதியன்று. நடப்பியல் நாடகமோ தன் ஊரோடும் தன் காலத்தோடும் பிணைந்தது. ஊரை மாற்றினால் நாடகம் மாறும். மாற்றாவிடில் காண்போர்க்கு அஃது அயலாகவே நிற்கும். அவ்வாறாயின் தழுவுவோன் எதனை மாற்றலாம், எதனைக் காத்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நார்வே நாட்டு இப்சனின் ‘மக்கட் பகைவன்’ எனத் தமிழிற் கூறத்தக்க நாடகமும், அதனை ஆர்தர் மில்லர் மேடைக்கும் சத்யஜித் ரே திரைக்கும் தழுவிய முறைகளும், தமிழில் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ மேடையினின்றும் திரைக்குச் சென்ற முறையும் ஈண்டு ஒப்புநோக்கப்படும். இரண்டு நாடகங்களும் நீரையே பொருளாகக் கொண்டவை என்பது ஒப்பீட்டிற்கு வாய்ப்பாக அமைகின்றது.

2. மூல நாடகத்தின் அமைப்பு

இப்சன் இந்நாடகத்தை 1882-ஆம் ஆண்டு வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த ‘ஆவிகள்’ என்னும் நாடகம் பெருங் கண்டனத்திற்கு உள்ளாகியிருந்தது. அக்கண்டனத்தில், முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட இதழாளரும் சேர்ந்துகொண்டமை இப்சனின் உள்ளத்தைத் தைத்தது. அந்நிகழ்ச்சி இந்நாடகத்திற்கு ஒரு தூண்டுகோல் ஆயிற்று.

கதை எளியது. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் நோய் தீர்க்கும் நீராட்டு நிலையம் ஒன்று அமைந்துள்ளது. ஊரின் புதிய செல்வமெல்லாம் அதனையே நம்பியுள்ளது. அந்நிலையத்தின் மருத்துவர் ஸ்டாக்மன், நீரில் நோய்க்கிருமிகள் உள்ளன என்பதை ஆய்வுக்கூட அறிக்கையின் வாயிலாக உறுதி செய்கின்றார். மேட்டு நிலத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குழாய் நீரிற் கலக்கின்றது. ஊர் தம்மைப் போற்றும் என மருத்துவர் எதிர்பார்க்கின்றார். ஊர்த் தலைவராகிய அவர்தம் தமையனார் பீட்டர், குழாய்களை மாற்றி அமைக்க இரண்டு ஆண்டுகள் நிலையத்தை மூடவேண்டும் எனவும், பெருஞ்செலவு ஊரார் தலையிலேயே விழும் எனவும் எடுத்துரைக்கின்றார். முதலில் மருத்துவரை ஆதரித்த செய்தித்தாள் ஆசிரியரும், வீட்டுடைமையாளர் சங்கத் தலைவராகிய அச்சகத்தாரும் பின்வாங்குகின்றனர். பொதுக்கூட்டத்தில் மருத்துவர் ‘மக்கட் பகைவன்’ எனத் தீர்மானிக்கப்படுகின்றார். அவர் வீட்டின் கண்ணாடிகள் கல்லெறிந்து உடைக்கப்படுகின்றன. மகள் ஆசிரியப் பணியை இழக்கின்றாள். தனித்து நிற்பவனே வலியவன் என்னும் கருத்தை உரைத்து மருத்துவர் நிற்க, நாடகம் முடிகின்றது.

இந்நாடகத்தின் திருப்புமுனை எது என்பதை நுணுகிக் காணவேண்டும். பலர் நான்காம் அங்கத்துப் பொதுக்கூட்டத்தையே கூறுவர். அது முழக்கம் மிக்க காட்சி, நடிகர்க்கு வாய்ப்பளிப்பது. ஆயினும் உண்மையான திருப்பம் மூன்றாம் அங்கத்திலேயே, செய்தித்தாள் அலுவலகத்தில் அமைதியாக நிகழ்கின்றது. குழாய்ச் செலவுக்காக நகராட்சி கடன் வாங்கும், அக்கடனைச் சிறு வீட்டுடைமையாளரும் சுமக்க நேரும் எனப் பீட்டர் கூறியவுடன் அச்சகத்தார் அஸ்லாக்சனின் மனம் மாறுகின்றது. அவர் தீயவர் அல்லர்; நிதானத்தையே எந்நேரமும் போற்றுபவர். ஓர் எளிய கணக்கு அவரை மாற்றிவிடுகின்றது. நேற்றுவரை உண்மையாக இருந்தது இன்று செலவாக ஆகின்றது. இப்சனின் கலை நுட்பம் இவ்விடத்தேதான் உள்ளது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஐந்து அங்கங்களும் மருத்துவர் இல்லத்திலும், செய்தித்தாள் அலுவலகத்திலும், கப்பல் தலைவர் ஒருவர் வீட்டிலும் நிகழ்கின்றன. நீராட்டு நிலையம் மேடையில் ஒருமுறையேனும் காட்டப்படுவதில்லை. நீரும் காட்டப்படுவதில்லை. அறிக்கை என்னும் ஒரு தாளே நீருக்குப் பதிலாக மேடையில் உலவுகின்றது.

3. மாங்காட்டு மறையோனும் கவுந்தியடிகளும்

நீரின் தூய்மை குறித்த வழக்கு தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. யான் வாழும் ஊர் பூவிருந்தவல்லியை அடுத்த மாங்காடு ஆதலின், சிலப்பதிகாரத்து மாங்காட்டு மறையோனை நினையாதிருத்தல் எனக்கு இயலாது. அவன் ஊர் குடமலைப் பக்கத்து மாங்காடு. காமாட்சியம்மன் கோயில் கொண்ட எம் ஊர் வேறு. பெயரொற்றுமை ஒன்றே உண்டு. காடுகாண் காதையில் அம்மறையோன் கோவலனுக்கு மதுரைக்குச் செல்லும் வழிகளைக் கூறுகின்றான். இடப்பக்க வழியில், திருமால் குன்றத்தை அடுத்து, சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் உள்ளன என்றும், அவற்றில் நீராடினால் முறையே ஐந்திர நூலறிவும், பழம்பிறப்புணர்வும், விரும்பிய யாவும் கிட்டும் என்றும் போற்றுகின்றான். கவுந்தியடிகள் அதனைக் கேட்டு, அப்பொய்கைகளில் ஆடவேண்டிய தேவை தமக்கில்லை எனச் சமண நெறி நின்று மறுமொழி கூறுகின்றார். நூலறிவு தம் சமய நூலிலேயே உண்டு, முற்பிறப்பின் பயனை இப்பிறப்பிலேயே காணலாம் என்பன அவர் விடையின் சாரம்.

ஈண்டு ஒருவர் நீரின் தெய்வத்தன்மையைப் போற்ற, மற்றொருவர் அதனை மறுக்கின்றார். எனினும் பூசல் இல்லை. கவுந்தியை எவரும் பகைவர் என்றிலர். மறையோன் தன் வழிச் செல்கின்றான். அடிகள் தம் வழிச் செல்கின்றார். இதற்குக் காரணம் யாது? அக்காலத்துச் சமயப் பொறை என ஒரு விடை கூறலாம். அஃது ஒரு பகுதி உண்மையே. மற்றொரு பகுதி, கவுந்தியின் மறுப்பால் எவர் பிழைப்பும் கெடவில்லை என்பது. பொய்கைக்கரையில் கடை வைத்தோரும், தங்கல் மனை கட்டினோரும், கடன் கொடுத்தோரும் அவ்வுரையாடலில் இல்லை. இளங்கோவடிகள் காட்டுவது இரு கொள்கைகளின் வேறுபாடு. இப்சன் காட்டுவது ஓர் உண்மைக்கும் ஓர் ஊரின் பிழைப்புக்கும் இடையே எழும் முரண். கொள்கை வேறுபட்டோர் பிரிந்து செல்லலாம். பிழைப்பால் பிணைந்தோர் ஒரே ஊரில் இருந்தே தீரவேண்டும். அந்தப் பிணைப்பே நடப்பியல் நாடகத்திற்கு உயிர் தருகின்றது.

எனவே இக்கட்டுரையின் முதற் கருத்தை ஈண்டே கூறிவிடலாம். தழுவுவோன் காக்கவேண்டியது கதையன்று, பெயரன்று, உரையாடலுமன்று. உண்மையைக் கூறுவோனுக்கும் அவ்வுண்மையால் பிழைப்பு இழப்போர்க்கும் இடையே உள்ள பிணைப்பையே அவன் காத்தல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு தழுவல்களை நோக்குவோம்.

4. மேடைத் தழுவல்

சொல் ஒன்றையும் மாற்றாமலேயே ஒரு நாடகம் மாறிவிடக்கூடும் என்பதற்கு உருசிய மேடை சான்று. மாஸ்கோ கலை அரங்கம் 1900-இல் இந்நாடகத்தை அரங்கேற்றியது. ஸ்டாக்மனாக நடித்தவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. 1901-இல் அக்குழு பீட்டர்ஸ்பர்க் நகரில் நடித்தபொழுது, அன்று பகலில் மாணவர் கிளர்ச்சி ஒன்று அடக்கப்பட்டிருந்தது. இறுதி அங்கத்தில், கூட்டத்தினின்றும் திரும்பிய மருத்துவர் தம் கிழிந்த ஆடையைக் கண்டு, விடுதலைக்கும் உண்மைக்கும் போரிடச் செல்பவன் புத்தாடை உடுத்துதல் கூடாது என்னும் பொருள்படக் கூறுவார். இப்சன் நகையாக எழுதிய சொல் அது. அன்று அவையோர் ஆர்ப்பரித்து எழுந்தனர். மேடையருகே வந்து நடிகரின் கையைப் பற்றினர். இதனை ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தம் வாழ்க்கை நூலில் விரித்துரைத்துள்ளார். மூலத்தை மாற்றாவிடினும் காலம் அதனை மாற்றும் என்பது இதனாற் புலனாகும்.

ஆர்தர் மில்லர் 1950-இல் நியூயார்க் மேடைக்கு இந்நாடகத்தைத் தழுவினார். அமெரிக்காவில் பொதுவுடைமைச் சார்பு உடையோர் என ஐயுறப்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டு வேலையிழந்த காலம் அது. ஸ்டாக்மனாக நடித்த பிரடரிக் மார்ச்சும் அத்தகைய ஐயத்திற்கு ஆளாகியிருந்தவரே. நாடகம் 36 முறையே நடைபெற்றது. மில்லர் ஊரையும் பெயர்களையும் மாற்றவில்லை. நார்வேயிலேயே கதையை நிறுத்தினார். அவர் பெரிதும் மாற்றியது பொதுக்கூட்டப் பேச்சை. மூலத்தில் ஸ்டாக்மன் பெரும்பான்மையோரை இகழும்பொழுது, பிறப்பாலும் வளர்ப்பாலும் உயர்ந்தோர் சிலரே உண்மையை அறியவல்லார் எனும் எல்லைக்குச் சென்று, உயர்ந்த இன நாய்களையும் தெரு நாய்களையும் எடுத்துக்காட்டாகக் கூறுவார். இரண்டாம் உலகப் போரின் இனக்கொடுமைகளைக் கண்ட தலைமுறைக்கு அப்பேச்சை அவ்வாறே அளித்தல் இயலாது என மில்லர் கருதினார். சிறுபான்மைக் கருத்துடையோர்க்கு உரிய காப்பினை நெருக்கடிக் காலத்தில் நீக்கலாமா என்பதையே அவர் நாடகத்தின் நடுப்பொருளாகக் கொண்டார்.

இம்மாற்றம் நியாயமானதே. ஆயினும் இதற்கு ஒரு விலையும் உண்டு. இப்சனின் மருத்துவர் குற்றமற்றவர் அல்லர். தமையனின் தொப்பியையும் கோலையும் அணிந்து மகிழ்ந்து உலவுபவர். நல்ல உணவிலும் புதிய விளக்கிலும் பெருமை கொள்பவர். சினம் வந்தால் அளவிறந்து பேசுபவர். உண்மை அவர் பக்கம் உண்டு. உண்மையைக் கூறும் தகுதி முழுவதும் அவரிடம் உண்டா என்பது ஐயம். அவ்வையத்தை இப்சன் வேண்டுமென்றே விட்டுவைத்தார். மில்லரின் மருத்துவர் அவ்வையத்தினின்றும் பெரிதும் நீங்கியவர். போற்றத்தக்கவர், ஆனால் ஒருவகையில் எளிமைப்பட்டவர். எனினும் மூன்றாம் அங்கத்தின் கணக்கை, பிழைப்பின் முரணை, மில்லர் சிதைக்கவில்லை. நம் அளவுகோலின்படி அவர் தழுவல் உயிரைக் காத்தது. முகத்தைச் சிறிது திருத்தியது. அமெரிக்கத் திரைப்படமாக 1978-இல் வெளிவந்ததும் இவ்வடிவத்தைத் தழுவியதே.

5. திரைத் தழுவல்: ‘கணசத்ரு’

சத்யஜித் ரே 1989-இல் வங்காளியில் எடுத்த ‘கணசத்ரு’ இந்நாடகத்தை நம் நாட்டிற்குக் கொணர்ந்தது. 1983-இல் இதய நோயுற்ற ரே, சில ஆண்டுகள் கதைப்படம் எடுக்க இயலாதிருந்து, மருத்துவர் அறிவுரைப்படி வெளிப்புறப் படப்பிடிப்பைத் தவிர்த்துப் படப்பிடிப்புக் கூடத்திற்குள்ளேயே இதனை அமைத்தார். மேடை நாடகம் ஒன்றைத் தேர்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

ரே செய்த முதன்மையான மாற்றம் நீராட்டு நிலையத்தைக் கோயிலாக்கியது. சண்டிப்பூர் என்னும் ஊரில் திரிபுரேசுவரர் கோயில். அதன் சரணாமிர்தம் அடியார் பலர்க்கு வழங்கப்படுகின்றது. மஞ்சட்காமாலை பரவுகின்றது. நிலத்தடிக் குழாய் பழுதுற்று, குடிநீரிற் கழிவு கலந்துள்ளதென மருத்துவர் அசோக் குப்தா அறிகின்றார். சௌமித்ர சாட்டர்ஜி அவ்வேடம் தாங்கினார். அவர் தம்பி நிசித் நகராட்சித் தலைவர். மூலத்துத் தமையன் ஈண்டுத் தம்பியானமை சிறு மாற்றமே எனினும் நம் நாட்டுக் குடும்ப முறையில் பொருளுடையது. இளையவன் மூத்தவனை அவையில் அடக்குதல் இரட்டிப்பு அவமதிப்பாகும். செல்வர் பார்கவா, துளசியும் கங்கை நீரும் சேர்ந்த தீர்த்தம் மாசடையாது எனக் கூறுகின்றார். பொதுக்கூட்டத்தில் மருத்துவரை நோக்கி, நீர் இந்துவா என்னும் வினா எழுப்பப்படுகின்றது. அந்த ஒரு வினாவால் மருத்துவ அறிக்கை சமய வழக்காக மாறிவிடுகின்றது.

இம்மாற்றத்தால் பெற்றது மிகுதி. கோயிலூரில் வாழ்வோர் இதனை உடனே உணர்வர். ஞாயிறுதோறும் எம் ஊர்த் தெருக்களில் பூவும் எலுமிச்சையும் தேங்காயும் விற்போரைக் காண்பேன். கோயில் ஈண்டு வழிபாட்டிடம் மட்டுமன்று. பல குடும்பங்களுக்கு அதுவே வாழ்வாதாரம். நார்வேயின் நீராட்டு நிலையத்திற்கு நிகரானதொன்றை இந்நாட்டில் தேடினால், பக்தியும் வருவாயும் ஒருங்கே கூடிய கோயிலைவிடப் பொருத்தமானது கிடைத்தல் அரிது. ரேயின் தேர்வு கூர்மையானது.

இழந்ததும் உண்டு. பக்தியும் பிழைப்பும் ஒருங்கே நிற்கும்பொழுது பக்தியின் ஓசையே மிகுந்து கேட்கின்றது. அறிவும் மூடநம்பிக்கையும் பொருதும் களமாகப் படம் தோன்றிவிடுகின்றது. ஊரின் வருவாய் பற்றிய பேச்சு உண்டெனினும், மூலத்து அச்சகத்தாரின் மனம் ஒரு கணக்கினால் மாறும் அந்த அமைதியான கணம் மங்கிவிடுகின்றது. தோல் ஆலையும், மருத்துவரின் மாமனார் நிலையில் நிற்கும் ஆலை உரிமையாளர் மார்ட்டன் கீல் என்பவரின் சூழ்ச்சியும் கதையினின்றும் நீங்கின. அதனால், மாசுபடுத்தியோர் யார் என்னும் வினாவும் உடன் நீங்கிற்று. மூலத்தில் மாசுக்கு ஓர் உரிமையாளர் உண்டு. படத்தில் பழைய குழாயே உண்டு.

முடிவையும் ரே மாற்றினார். இப்சனின் மருத்துவர் தனித்து நிற்கின்றார். ரேயின் மருத்துவர்க்கு, பணியைத் துறந்த இதழாளர் ஒருவரும், மகளின் தோழனாகிய நாடகக்குழு இளைஞனும் துணையாகின்றனர். வெளியே இளைஞர்தம் வாழ்த்தொலி கேட்கின்றது. தாம் தனியர் அல்லர் என்னும் நிறைவு மருத்துவர்க்கு உண்டாகின்றது. இதனை எளிய ஆறுதல் என இகழ்ந்தாரும் உளர். தனி ஒருவனின் பெருமையைவிட உடனிற்போரின் தேவையை உணர்ந்த நாட்டுக்கு அம்முடிவு பொருந்தும் என்பது என் கருத்து. அவ்விளைஞர் கூட்டத்தை நாம் காண்பதில்லை, கேட்கின்றோம் அவ்வளவே என்பதும் கருதத்தக்கது. மேடையின் உத்தியை ரே திரையிலும் கைக்கொண்டார்.

இப்படம் மேடைத்தன்மை மிக்கது, பேச்சு மிக்கது என விமரிசகர் பலர் குறை கூறினர். அக்குறையை ஒரு வேறுபாட்டோடு நோக்கவேண்டும். மேடையில் ஒரு பொருள் காணப்படாமைக்குக் காரணம் இரண்டு. இயல்பாலேயே காணப்படாதது ஒன்று. மேடையின் எல்லையாற் காணப்படாதது மற்றொன்று. நோய்க்கிருமி முதல் வகையைச் சேர்ந்தது. உள்ளங்கையில் ஏந்திய தீர்த்தம் தெளிந்தே தோன்றும். திரைக்கருவி எத்துணை அருகிற் சென்றாலும் அதன் மாசு தோன்றாது. ஆதலின் மருத்துவரின் சொல்லை நம்புவதா, கண்ணை நம்புவதா என்பதே நாடகமாகின்றது. கண்ணாற் காணமுடியாத உண்மையைப் பற்றிய படம் சொல்லைச் சார்ந்து நிற்பது குறையன்று, அப்பொருளின் இயல்பேயாம். அறைகளுக்குள் அடங்கியமை ரேயின் உடல்நலம் விதித்த வரம்பாயினும், கதைக்கு அது பெருங்கேடு விளைக்கவில்லை.

6. தமிழ் மேடையினின்றும் தமிழ்த் திரைக்கு

இரண்டாம் வகைக்குத் தமிழிலேயே தக்க சான்று உண்டு. தமிழ்த் திரைப்படம் தொடக்க முதலே மேடைக்குக் கடன்பட்டது. 1935-இல் ‘மேனகா’, 1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’, 1959-இல் தி. ஜானகிராமனின் ‘நாலு வேலி நிலம்’, 1962-இல் பி. எஸ். ராமையாவின் ‘போலீஸ்காரன் மகள்’ எனச் சமூக நாடகங்கள் திரைக்குச் சென்றுள்ளன. பின்னைய இரண்டும் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவின் மேடையில் வளர்ந்தவை. அக்காலப் படங்கள் பல மேடையின் உரையாடலையே தம் செல்வமாகக் கொண்டன. மேடையிற் கைதட்டல் பெற்ற சொல் திரையிலும் கைதட்டல் பெற்றது. ஆதலின் தழுவல் என்பது உரையாடலைப் பெயர்த்து வைத்தலே என்னும் எண்ணம் நிலைபெற்றது.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980-இல் மேடையேறியது, கே. பாலசந்தர் 1981-இல் அதனைப் படமாக்கினார். அவ்வாண்டுக்குரிய சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதும், திரைக்கதைக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தன. திரைக்கதைக்கென ஒரு நாடகத் தழுவல் பாராட்டப்பெற்றமை நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி.

கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டி என்னும் சிற்றூர், குடிநீர் இல்லை. சட்டத்தினின்றும் தப்பி வந்த வெள்ளைச்சாமி அங்கு அடைக்கலம் பெற்று, தொலைவிலுள்ள ஊற்றினின்றும் மாட்டுவண்டியில் நீர் கொணர்கின்றான். ஊர் அவனைத் தன்னவனாக ஏற்கின்றது. ஊர்ப்பெண் செவந்தியின் கணவனோ காவல்துறையினன். மனுக்கள் பயனற்றுப்போக, ஊரார் தேர்தலைப் புறக்கணிக்கின்றனர். பின்னர்த் தாமே கால்வாய் வெட்ட முனைகின்றனர். ஆட்சியின் கை அதனைத் தடுக்கின்றது.

இப்சனின் நாடகத்தோடு இதனை ஒப்பிட்டால் அமைப்பு தலைகீழாகத் தோன்றும். அங்கு நீர் உண்டு. அதன் மாசு ஒருவர்க்கே தெரியும். இங்கு நீர் இல்லை. இல்லாமை எல்லோர்க்கும் தெரியும். அங்கு ஊரார் கூடி ஒருவரைத் தனிமைப்படுத்துகின்றனர். இங்கு ஊரார் கூடி ஒருவனைக் காக்கின்றனர். அங்கு உண்மை மறைக்கப்படுகின்றது. இங்கு உண்மை வெளிப்படையாகக் கிடந்தும் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. ஆயினும் நம் அளவுகோல் ஈண்டும் பொருந்தும். செவந்தி இதற்குச் சான்று. நீர் கொணர்பவனைக் காட்டிக்கொடுத்தால் கணவனுக்குப் பணியிற் சிறப்பு. காட்டிக்கொடாவிடில் ஊர்க்கு நீர். வீட்டின் பிழைப்பும் ஊரின் உயிரும் அவள் ஒருத்தியிடத்தே மோதுகின்றன.

மேடையில் வறண்ட நிலத்தைக் காட்டல் இயலாது. வண்டி செல்லும் நெடுந்தொலைவையும், வெட்டப்படும் கால்வாயையும் அவ்வாறே. இவையனைத்தையும் பேச்சே உணர்த்தவேண்டும். இவை மேடையின் எல்லையாற் காணப்படாதவை, இயல்பிற் காணத்தக்கவை. ஆதலின் திரைக்கருவி வெளியே செல்லும் உரிமையை இக்கதை தானே வழங்குகின்றது. பாலசந்தரின் படத்தில் வெடித்த நிலமும், குடம் சுமந்து செல்லும் பெண்டிர் வரிசையும், ஊர் திரண்டு மண் வெட்டும் காட்சியும் பேச்சின் சுமையைத் தாம் ஏற்றுக்கொள்கின்றன. மேடையில் ஒரு பாத்திரம் தொலைவை எண்ணால் கூறவேண்டும். திரையில் வண்டி அத்தொலைவைக் கடந்து காட்டும். பார்ப்போர் கணக்கை மறந்து களைப்பை உணர்வர்.

இதனால் இரண்டாம் கருத்துப் பெறப்படுகின்றது. காணப்படாப் பொருள் எவ்வகைத்து என்பதைத் தேர்ந்த பின்னரே திரைத் தழுவலின் முறை முடிவு செய்யப்படவேண்டும். இயல்பாற் காணப்படாததைக் காட்ட முயன்றால் நாடகம் நலியும். மேடையின் எல்லையால் மறைந்ததைக் காட்டாது விட்டால் படம் நலியும்.

7. பாலாற்றங்கரையில் ஒரு வினா

முதுகலை வகுப்பொன்றில் இப்சனின் இந்நாடகத்தைப் பாடமாக உரைத்தபொழுது, தமிழ்நாட்டில் இதனை எங்கு நிகழ்வதாக அமைக்கலாம் என மாணாக்கரை வினவினேன். பலர் ரேயைப் பின்பற்றிக் கோயில் என்றனர். மூலத்திலேயே தோல் ஆலை இருத்தலை யான் நினைவூட்டினேன். பூவிருந்தவல்லியினின்றும் மேற்கே செல்லும் நெடுஞ்சாலை இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் பகுதியை அடைகின்றது. அப்பகுதித் தோல் ஆலைகளின் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தமை குறித்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் அன்னியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவதே எனினும், சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என அத்தீர்ப்பு கூறியது. மாசுபடுத்தியோரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தின் பகுதியே என அஃது உறுதிசெய்தது. இப்சன் 1882-இல் புனைந்த ஆலை தமிழ்நாட்டில் வழக்காகவே வந்து நின்றது. ஆதலின் தமிழ்த் தழுவலுக்குக் கோயிலைத் தேடவேண்டுவதில்லை. மூலத்தையே திறந்து பார்த்தால் போதும் என்றேன்.

அப்பொழுது அப்பகுதியினின்றும் வந்த மாணாக்கர் ஒருவர் எழுந்தார். “ஐயா, ஆலை மூடினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. திறந்திருந்தால் கிணற்று நீரைக் குடிக்க முடியாது. இந்த நாடகத்தில் என் அப்பா எங்கே இருக்கிறார்?” என வினவினார்.

அவ்வினாவிற்கு என்னிடம் அன்று விடையில்லை. பின்னர் நாடகத்தை மீண்டும் பயின்றேன். இப்சனின் மேடையில் மருத்துவர் உண்டு, ஆலை உரிமையாளர் உண்டு, வீட்டுடைமையாளர் உண்டு, இதழாளர் உண்டு. ஆலையிற் பணிபுரிவோர் இலர். நீரால் நோயுற்றோரும் இலர். கூட்டத்திற் குடிமயக்கத்தோடு குரலெழுப்பும் ஒருவன் உண்டு; நகைப்பிற்காக வந்து செல்பவன் அவன். நீர் மட்டுமன்று, நீரால் வாழ்வோரும் சாவோரும் அம்மேடையிற் காணப்படாப் பொருளே. மில்லரும் ரேயும் அவ்விடத்தை நிரப்பவில்லை. அவர்கள் மூலத்தின் எல்லைக்குள் நின்றனர்.

அம்மனிதர் இயல்பாற் காணப்படாதவர் அல்லர். நடுத்தர வகுப்பின் வரவேற்பறையையே உலகமாகக் கொண்ட ஒரு மேடை மரபின் எல்லையால் மறைந்தவர். நாம் முன்னர்க் கண்ட வேறுபாட்டின்படி, அத்தகையோரைக் காட்டுதல் தழுவுவோனின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். கோமல் சுவாமிநாதன் இதனை வேறொரு கதையில் முன்னரே செய்து காட்டினார். அவர் நாடகத்தில் மருத்துவர் வந்து ஊர்க்கு உண்மையை உரைக்கவில்லை. தாகம் கொண்டோரே மேடையில் நின்றனர். இப்சனின் முரணும் கோமலின் மாந்தரும் ஒரு நாடகத்திற் கூடினால், மருத்துவரும் தொழிலாளியும் ஒரே கூட்டத்தில் எதிரெதிரே நின்றால், அப்பொழுது எவரையும் எளிதாகப் பகைவன் எனக் கூறிவிட இயலாது. பெரும்பான்மையோர் அறிவற்றோர் என மருத்துவர் இகழவும் இயலாது. அடுப்பெரியாமையை எண்ணி அஞ்சுவோன் அறிவற்றோன் அல்லன்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, நடப்பியல் நாடகத்தைத் தழுவுவோன் ஊரையும் பெயரையும் உரையாடலையும் மாற்றலாம். உண்மைக்கும் பிழைப்புக்கும் இடையேயுள்ள பிணைப்பை மாற்றலாகாது. இரண்டாவது, மேடையிற் காணப்படாத பொருள் இயல்பால் மறைந்ததா, மேடையின் எல்லையால் மறைந்ததா எனத் தேர்ந்தே திரையின் முறை அமைதல் வேண்டும். மூன்றாவது, மூலத்தின் மேடையில் இடம்பெறாத மாந்தர் உளராயின், தழுவல் அவர்களுக்கு இடந்தருதல் மூலத்திற்கு இழைக்கும் பிழையன்று. மூலம் தொடங்கிய ஆராய்ச்சியை மேலும் ஓரடி கொண்டுசெல்லுதலேயாம்.

உலகியல் வழக்கும் நாடக வழக்கும் கூடவேண்டும் என்றார் தொல்காப்பியர். உலகியல் என்பது யாருடைய உலகம் என்னும் வினாவை ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத்தானே எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். வகுப்பில் எழுந்த அம்மாணாக்கர் எழுப்பியதும் அவ்வினாவே. அவர்தம் தந்தையார்க்கு ஓர் இடம் தரும் ‘மக்கட் பகைவன்’ தமிழில் எழுதப்படுமாயின், அது தழுவல் என்னும் பெயருக்கு முழுதும் தகுதி பெறும். முதுகலை மாணாக்கர் இத்துறையில் ஆய்வோடு நில்லாது ஆக்கத்திலும் முற்படுவாராக.